பெயரைக் கேட்காதீர்கள், கொரட்டூரில் நிற்குமா என்று கேளுங்கள்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, "கால் மணி நேரம் பேசணும்ப்பா. தலைப்பு உன் இஷ்டம். ஆனா பசங்களுக்கு உபயோகமா இருக்கணும்" என்றார். வெற்றிக் கதை சொல்ல இந்த மேடையில் என்னைவிடத் தகுதியானவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதனால் நான் ஒரு தோல்விக் கதை சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். நானே எழுதிய ஒரே ஒரு வரி புரோகிராம். அதில் இரண்டு எழுத்து எடுக்க வேண்டிய இடமா, மூன்று எழுத்து எடுக்க வேண்டிய இடமா என்பதுதான் பிரச்சினை. அவ்வளவுதான். ஆனால் அதனால் சில பேர் வாசலோடு திரும்பிப் போனார்கள். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் விஷயம் என்ன என்று எல்லோருக்கும் புரியும்படி சொல்லிவிடுகிறேன். இங்கே சிவில், மெக்கானிக்கல் படித்தவர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

உங்கள் செல்போனில் எந்த இணையப் பக்கத்தைத் திறந்தாலும், பக்கம் வருவதற்கு முன்னால் உலாவி தன்னை அறிமுகம் செய்துகொள்கிறது. "நான் இன்னார், இந்த மாதிரி போனில் இருந்து வருகிறேன், என் பதிப்பு எண் இது" என்று ஒரு நீண்ட வரியை அனுப்புகிறது. இதற்குப் பெயர் யூசர் ஏஜெண்ட் ஸ்ட்ரிங். தமிழில் அடையாளச் சரம் என்று வைத்துக் கொள்வோம். 1996 மே மாதம் வெளியான எச்டிடிபி 1.0 விவரக் குறிப்பிலேயே இது இருக்கிறது. கணக்கெடுக்கவும், கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கவும், ஆளுக்கேற்ற மாதிரி பதில் கொடுக்கவும் இது உதவும் என்று அதில் எழுதி வைத்தார்கள். நல்ல எண்ணம்தான்.

ஒரு சாதாரண ஆண்ட்ராய்டு போனில், ஒரு ஆப்புக்கு உள்ளேயிருந்து இந்தச் சரத்தைப் படித்தால் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

மொஸில்லா/5.0 (லினக்ஸ், ஆண்ட்ராய்டு 11, போனின் மாடல், பில்டு எண், டபிள்யூவி) ஆப்பிள்வெப்கிட்/537.36 (கேஹெச்டிஎம்எல், லைக் கெக்கோ) வெர்ஷன்/4.0 குரோம்/100.0.4896.58 மொபைல் சஃபாரி/537.36

முதல் தடவை இதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. போனில் இருப்பது குரோம். ஆனால் மொஸில்லா என்கிறது, ஆப்பிள் என்கிறது, கெக்கோ மாதிரி என்கிறது, சஃபாரி என்கிறது. நம் ஊரில் அப்பா பெயரை இனிஷியலாகப் போடுகிறோம். இது பாட்டன், பூட்டன், பக்கத்து வீட்டுக்காரர் வரை எல்லார் பெயரையும் சேர்த்துப் போட்டுக் கொண்டிருக்கிறது. ஏன்?

காரணம் வாட்ச்மேன்தான். 1994-ல் நெட்ஸ்கேப் வந்தது. அதற்கு முன்னோடியான மொசைக்கை விழுங்கப் போகிற காட்ஸில்லா என்ற அர்த்தத்தில் அதற்கு மொஸில்லா என்று செல்லப் பெயர். மற்ற உலாவிகளால் முடியாத சில காரியங்கள் அதனால் முடிந்தது. உடனே இணையதளம் வைத்திருந்தவர்கள் என்ன செய்தார்கள்? வாசலில் ஒரு சோதனை வைத்தார்கள். மொஸில்லா என்று சொன்னால் நல்ல பக்கம், சொல்லாவிட்டால் சாதாரணப் பக்கம். 1995-ல் மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் வந்தது. அதனாலும் அந்தக் காரியங்களைச் செய்ய முடியும் என்ற நிலை வந்தபோதும், பெயர் வேறு என்பதால் வாசலில் நிறுத்தினார்கள். அது பார்த்தது. "நானும் மொஸில்லாதான், அதற்கு ஒத்துப் போகிறவன்" என்று சொல்லிக் கொண்டு உள்ளே போய்விட்டது. பிறகு கெக்கோ வந்தது. கெக்கோவுக்கு மட்டும் நல்ல பக்கம் கொடுத்தார்கள். கேஹெச்டிஎம்எல் வந்தவன் "கெக்கோ மாதிரி" என்று சேர்த்துக் கொண்டான். 2003-ல் ஆப்பிளின் சஃபாரி அதன் மேல் கட்டப்பட்டது. அதுவும் அந்த வால் முழுவதையும் வைத்துக் கொண்டது. 2008 செப்டம்பர் 2-ஆம் தேதி குரோம் வந்தது. மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை முன்னின்று கொண்டுவந்த உலாவி. அதுவும் தன் பெயருக்குப் பின்னால் சஃபாரி என்று போட்டுக் கொண்டுதான் வந்தது.

ஆள் பாதி, ஆடை பாதி என்று பெரியவர்கள் சொன்னார்கள். இங்கே ஆடைதான் முக்கால்வாசி. 2019 டிசம்பரில் விவால்டி என்ற உலாவி தன் பெயரையே சரத்திலிருந்து எடுத்துவிட்டது. பெயரைச் சொன்னால் பல இணையதளங்கள் உள்ளே விடவில்லை. குரோம் என்று மட்டும் சொன்னால் விட்டார்கள். தன் பெயரைத் துறந்தால்தான் வாசலைத் தாண்ட முடியும் என்றால் தப்பு யார் மேல்? வந்தவன் மேலா, வாட்ச்மேன் மேலா?

இவ்வளவையும் இன்றைக்கு நான் சொல்கிறேன். ஆனால் 2019-ல் நானும் ஒரு வாட்ச்மேனைத்தான் வைத்தேன்.

அப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன நிறுவனத்தில் இருந்தேன். அப்ரண்டிஸ் வேலைக்கு ஆள் எடுப்பதற்கு ஒரு ஆப் செய்து கொடுத்தோம். ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்த பிள்ளைகள் போனிலேயே விண்ணப்பம் பூர்த்தி செய்யலாம், போட்டோ ஏற்றலாம், விரலால் கையெழுத்துப் போடலாம். ஆவடி, திருநின்றவூர், பூந்தமல்லி, திருவேற்காடு என்று நம் பக்கத்துப் பிள்ளைகள்தான் பெரும்பாலும். ஆப் என்று பேரே தவிர, உள்ளே இருந்தது ஒரு இணையப் பக்கம். ஆப்புக்குள் ஒரு ஜன்னல் வைத்து அதில் இணையப் பக்கத்தைக் காட்டுவதற்கு ஆண்ட்ராய்டில் வெப்வியூ என்று ஒரு பகுதி இருக்கிறது. அதைத்தான் பயன்படுத்தினோம்.

பழைய போன்களில் கையெழுத்துப் போடுகிற இடம் சரியாக வேலை செய்யவில்லை. மேலாளர், "பழைய வெர்ஷனா இருந்தா முதல்லயே சொல்லி அனுப்பிடு" என்றார். நானும் வெப்வியூவின் செட்டிங்ஸில் இருந்து அடையாளச் சரத்தைக் கேட்டு வாங்கினேன். அதில் 'குரோம்/' எங்கே இருக்கிறது என்று தேடினேன். அதற்கு அடுத்த இரண்டு எழுத்தை எடுத்து எண்ணாக்கி, 60-க்குக் குறைவாக இருந்தால் ஒரு செய்தி காட்டினேன்: "உங்கள் போனில் உள்ள உலாவி பழையது. அப்டேட் செய்துவிட்டு மீண்டும் வரவும்." அப்போது குரோம் எழுபதுகளில் ஓடிக் கொண்டிருந்தது. சோதித்துப் பார்த்தோம். அருமையாக வேலை செய்தது. இரண்டரை வருஷம் ஒரு புகார் கிடையாது. எழுதியதையே மறந்துவிட்டேன்.

2022 மார்ச் 29-ஆம் தேதி குரோம் 100 வெளியானது.

ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள். ஒரு சுற்று விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி நெருங்கிக் கொண்டிருந்தது. உதவி எண்ணுக்கு அழைப்புகள் வந்தபடி இருந்தன. "அப்டேட் பண்ணச் சொல்லுது, பண்ணிட்டோம், மறுபடி அதையே சொல்லுது." எங்கள் பிள்ளைகள் வழக்கமான பதிலைச் சொன்னார்கள்: "போனை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க." மத்தியானம் பூந்தமல்லியில் இருந்து ஒரு பெண் பஸ் பிடித்து ஆபீசுக்கே வந்துவிட்டாள். டிப்ளமோ முடித்தவள். கையில் இரண்டு போன்.

"சார், இது என் போன். எல்லாத்தையும் அப்டேட் பண்ணி வெச்சிருக்கேன். பழசுன்னு சொல்லுது. இது என் தம்பி போன். மெமரி ஃபுல்லு சார், மாசக்கணக்கா எதுவுமே அப்டேட் ஆகல. அதுல திறக்குது. ஆனா அதுல கேமரா உடைஞ்சிருக்கு, போட்டோ எடுக்க முடியல. நான் என்ன சார் தப்புப் பண்ணேன்?"

நான் என்ன தப்புப் பண்ணேன் என்று அவள் கேட்டாள். தப்புப் பண்ணியவன் எதிரே உட்கார்ந்திருந்தான். அவனுக்கே அது தெரியவில்லை.

அவள் போனைக் கேபிளில் இணைத்து, ஆப்புக்குள்ளேயே அந்தச் சரத்தைத் திரையில் காட்டும்படி ஒரு வரி சேர்த்து ஓட்டினேன். குரோம்/100 என்று இருந்தது. தம்பி போனில் 90-க்குச் சற்று மேலே ஏதோ ஒரு எண். 100-ல் முதல் இரண்டு எழுத்தை எடுத்தால் என்ன வரும்? 10. பத்து, அறுபதைவிடச் சின்னது. உலகத்திலேயே புதிய வெப்வியூ வைத்திருந்த பெண்ணைப் பார்த்து, நீ பத்தாவது பதிப்பு, பழசு, வெளியே போ என்று என் புரோகிராம் சொல்லிக் கொண்டிருந்தது. ஒழுங்காக அப்டேட் செய்தவர்கள் எல்லாம் வெளியே. சோம்பேறியாக விட்டு வைத்தவர்கள் உள்ளே. புதுப் பதிப்பு எல்லாப் போனுக்கும் ஒரே நாளில் போவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போகும். அதனால்தான் முதல் சில நாள் சிலருக்கு மட்டும் கோளாறு என்று நாங்களும் அலட்சியமாக இருந்துவிட்டோம்.

இங்கே 1990களில் படிப்பை முடித்துப் போன அண்ணன்மார்கள் தலையை ஆட்டிச் சிரிக்கிறார்கள். தெரியும். 1998, 99-ல் நீங்கள் ஒய்2கே வேலை பார்த்தவர்கள். வருஷத்தை இரண்டு இலக்கத்தில் எழுதியவர்கள் 2000 வரும் என்று நினைக்கவில்லை. அதே தவறைத்தான் இருபது வருஷம் கழித்து நான் செய்தேன். நடுவிலும் ஒரு தடவை நடந்திருக்கிறது. 2009-ல் ஓபரா உலாவி பத்தாம் பதிப்பை வெளியிட்டபோது, ஒரு இலக்கத்தை மட்டும் படிக்கிற இணையதளங்கள் அதை ஒன்றாம் பதிப்பு என்று நினைத்துவிடும் என்பதால், தன்னை 9.80 என்றே சொல்லிக் கொண்டு, உண்மையான எண்ணை வரியின் கடைசியில் தனியாக எழுதியது. 2022-க்கு முன்னாலேயே குரோம்காரர்களும் ஃபயர்பாக்ஸ்காரர்களும் எச்சரித்தார்கள். உங்கள் தளம் 100 என்ற எண்ணைத் தாங்குமா என்று முன்கூட்டியே சோதிக்க ஒரு வசதியும் கொடுத்தார்கள். நாங்கள் யாரும் அதைப் படிக்கவில்லை. எச்சரிக்கை கொடுத்தவர்கள் மேல் குற்றமில்லை.

அந்தப் பெண்ணின் விண்ணப்பத்தை ஆபீஸ் கணிப்பொறியிலேயே உட்கார வைத்துப் பூர்த்தி செய்து அனுப்பினோம். புரோகிராமை ஐந்து நிமிஷத்தில் திருத்திவிட்டேன். ஆனால் பாருங்கள், சோதனை இருந்தது சர்வரில் அல்ல, ஆப்புக்கு உள்ளே. சர்வரில் இருந்தால் அந்த நிமிஷமே எல்லோருக்கும் சரியாகியிருக்கும். ஆப் என்றால் புதுப் பதிப்பு பிளே ஸ்டோருக்குப் போய், அங்கே சரிபார்ப்பு முடிந்து, ஒவ்வொரு போனுக்கும் இறங்க வேண்டும். வாடிக்கையாளரிடம் போய் உண்மையைச் சொல்லி, கைகட்டி நின்று, கடைசித் தேதியைச் சில நாள் தள்ளி வைக்கச் சொன்னோம். அவர்கள் பெருந்தன்மையாகச் செய்தார்கள்.

கூப்பிட்டவர்கள் எல்லோரையும் திரும்பக் கூப்பிட்டுச் சொன்னோம். ஆனால் கூப்பிடாதவர்கள்? எத்தனை பேர் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் வழியில்லை. வாசலிலேயே நிறுத்தப்பட்டவர்கள் சர்வர் வரைக்கும் வரவே இல்லை. அதனால் எங்கள் பதிவுகளில் அவர்கள் இல்லை. நம் போன் பழசு, நமக்குக் கொடுத்து வைக்கவில்லை என்று நினைத்து ஒரு பையன் திருநின்றவூரில் போனை மூடி வைத்திருந்தால், அவனுக்கு நான் செய்த அநியாயத்துக்குச் சாட்சி ஒரு வரி கூடக் கிடையாது. இதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது. வேலை செய்யாத புரோகிராம் சத்தம் போடும். தப்பாக ஆளைத் திருப்பி அனுப்புகிற புரோகிராம் அமைதியாக இருக்கும்.

இனி தம்பி தங்கைகளுக்கு, இதில் இருந்து நான் கற்றதைத் தொழில்முறையாகச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று. ஒரே போனில் ஒரு பெயர் மட்டும் இல்லை. ஆப்புக்குள் வெப்வியூ சொல்வது ஒரு சரம். அதில் 'டபிள்யூவி' என்ற அடையாளம் இருக்கும். அதே போனில் குரோமைத் தனியாகத் திறந்தால் அது சொல்வது வேறு சரம். ஜாவா பக்கம் 'எச்டிடிபி ஏஜெண்ட்' என்று சிஸ்டத்திடம் கேட்டால் 'டால்விக்' என்று தொடங்கும் மூன்றாவது சரம் வரும். அது உலாவியே அல்ல. நிறையப் பேர் அதை எடுத்து வைத்துக் கொண்டு உலாவியின் பெயர் என்று நம்புகிறார்கள். எதைக் கேட்கிறோம் என்று தெரிந்து கேளுங்கள். வெப்வியூவை உருவாக்காமலே அதன் சரத்தைக் கேட்க 2012-ல் வந்த ஆண்ட்ராய்டு 4.2-ல் இருந்தே தனி வழி இருக்கிறது. ஐபோனில் என்றால், உள்ளே இருக்கும் பக்கத்திடமே 'நேவிகேட்டர் டாட் யூசர்ஏஜெண்ட்' என்று ஜாவாஸ்கிரிப்டில் கேட்டு வாங்க வேண்டும்.

இரண்டு. பதிப்பு எண்தான் வேண்டும் என்றால் சரத்தை வெட்டாதீர்கள். ஆண்ட்ராய்டு 8.0-ல் இருந்து, இப்போது எந்த வெப்வியூ பொருத்தப்பட்டிருக்கிறது, அதன் பதிப்பு என்ன என்று நேரடியாகக் கேட்கும் வசதி இருக்கிறது. வெட்டியே தீர வேண்டும் என்றால் புள்ளி வரை படியுங்கள். இரண்டு எழுத்து, மூன்று எழுத்து என்று எண்ணாதீர்கள். குரோம் ஆயிரமாவது பதிப்பு வராது என்று யார் சொன்னது?

மூன்று. இந்தச் சரத்தைப் பாதுகாப்புக்குப் பூட்டாக நினைக்காதீர்கள். ஆப்புக்குள் இருக்கும் வெப்வியூவில் கூகுள் கணக்கில் நுழையப் பார்த்தால் 'அனுமதிக்கப்படாத யூசர் ஏஜெண்ட்' என்று தடுப்பார்கள். ஆப் எழுதியவன் நினைத்தால் அந்த ஜன்னலில் தட்டுகிற பாஸ்வேர்டைப் பார்த்துவிட முடியும் என்பதுதான் காரணம். நியாயமான காரணம். ஆனால் சரத்தை மாற்றி எழுத ஒரு வரி போதும். அப்படி மாற்றி ஏமாற்றி நுழைய வைக்கும் ஆப்களும் உண்டு. அந்த வழிக்குப் போகாதீர்கள்; அதற்கென்று இருக்கும் முறைப்படி, பயனரின் சொந்த உலாவியில் திறக்க விடுங்கள். உங்கள் ஆப்பை உங்கள் சர்வர் அடையாளம் காண வேண்டுமானால், இருக்கிற சரத்தை அழிக்காமல் கடைசியில் உங்கள் ஆப் பெயரையும் பதிப்பையும் சேர்த்துவிடுங்கள், போதும்.

நான்கு. சரம் சொல்வது இனி உண்மையாகக்கூட இருக்காது. 2019-ல் இருந்து ஐபேடின் சஃபாரி தன்னை மேக் கணிப்பொறி என்று சொல்கிறது. 2023-ல் இருந்து ஆண்ட்ராய்டில் குரோம் உலாவி, எந்தப் போனாக இருந்தாலும் 'ஆண்ட்ராய்டு 10. கே' என்றுதான் சொல்கிறது. போன் மாடலை வைத்து ஆளைப் பின்தொடர்கிறார்கள் என்பதால் குறைத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக வந்த புது முறையில், வேண்டுமென்றே ஒரு போலிப் பெயரையும் கலந்து அனுப்புகிறார்கள். பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்து வைத்துக் கொண்டு வாசலில் நிற்பவன் குழம்பட்டும் என்று!

அப்படியென்றால் பழைய போனை எப்படித்தான் கண்டுபிடிப்பது? இதற்குப் பதில் எனக்குப் பாடப் புத்தகத்தில் கிடைக்கவில்லை, ரயில்வே ஸ்டேஷனில் கிடைத்தது. நம் லைனில் போய் வருகிறவர்களுக்குத் தெரியும். வண்டி பிளாட்பாரத்துக்கு வரும்போது போர்டில் திருவள்ளூர் என்று இருக்கும், அரக்கோணம் என்று இருக்கும். அதைப் பார்த்து மட்டும் யாரும் ஏறுவதில்லை. ஃபாஸ்ட் வண்டியாக இருந்தால் நம் ஸ்டேஷனில் நிற்காமல் போய்விடும். கூடைக்கார அம்மா ஜன்னல் பக்கம் வந்து என்ன கேட்கிறார்? "தம்பி, கொரட்டூர்ல நிக்குமா?" அவருக்கு வண்டியின் பெயர் வேண்டாம், நம்பர் வேண்டாம். தனக்குத் தேவையான காரியம் நடக்குமா என்று மட்டும் கேட்கிறார்.

புரோகிராமிலும் அதுதான் சரியான கேள்வி. நீ குரோமா, எத்தனாவது பதிப்பு என்று கேட்காதே. விரலால் கையெழுத்துப் போடும் வசதி உன்னிடம் இருக்கிறதா என்று கேள். ஜாவாஸ்கிரிப்டில் ஒரு வரியில் கேட்கலாம். வெப்வியூவின் வசதிகளைக் கேட்பதற்கும் ஆண்ட்ராய்டிலேயே தனி நூலகம் உண்டு. இருந்தால் செய். இல்லாவிட்டால் வாசலை மூடாதே. மாற்று வழி கொடு. கையெழுத்துப் போட முடியாவிட்டால் போட்டோ எடுத்து அனுப்பச் சொல். முடிவில் மனிதனோடு பேச ஒரு போன் நம்பராவது கொடு. நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். தவிர, யாரையாவது திருப்பி அனுப்பினால், ஏன் அனுப்பினோம் என்று அவர் பெயர் இல்லாமல் ஒரு வரி சர்வருக்கு எழுதி வைக்கிறேன். அடுத்த முறை தவறு நடந்தால் எத்தனை பேர் என்றாவது தெரிய வேண்டும்.

நண்பர்களே, நம்மில் பலர் இந்தக் கல்லூரிக்குள் வரும்போதே பெயரையும், படித்த பள்ளியையும், பேசுகிற இங்கிலீஷையும் வைத்து வெளியே எங்கோ ஒரு வாசலில் நிறுத்தப்பட்டவர்கள்தான். இண்டர்வியூவில் காலேஜ் பெயரைப் பார்த்ததும் பேப்பரை மூடிய இடமும் எனக்குத் தெரியும். என்ன தெரியும் உனக்கு, செய்து காட்டு என்று கேட்ட ஒருவரால்தான் எனக்கு முதல் வேலை கிடைத்தது. அப்படிப்பட்ட நானே பெயரைப் பார்த்து ஆளைத் திருப்பி அனுப்பும் வாசலை எழுதினேன் என்பதுதான் வெட்கம்.

இங்கே உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகள் நாளைக்கு எத்தனையோ வாசல்களை எழுதப் போகிறீர்கள். பாங்கு, ரேஷன், ஆஸ்பத்திரி, பரீட்சை என்று எல்லா வாசலும் இப்போது புரோகிராம்தான். எழுதும்போது, கையில் இரண்டு போனோடு பூந்தமல்லியில் இருந்து வந்து, நான் என்ன சார் தப்புப் பண்ணேன் என்று கேட்ட பெண்ணை ஒரு நிமிஷம் நினைத்துக் கொள்ளுங்கள். அந்தக் கேள்வியை உங்களிடம் யாரும் கேட்கும்படி வைக்காதீர்கள்.